ஜாடை காட்டி விற்கிற காதல்

"உண்மையோ பொய்யோ, கண்ணில் படுகிறதே, அது போதாதா?" இந்தக் கேள்வியை இப்போது நல்லவர்களே கேட்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களைக் கேலி செய்கிறவர்கள் கேட்டால் பதில் சொல்லி மாளாது, விட்டுவிடலாம். ஆனால் பிள்ளைகள் மேல் அக்கறையுள்ள ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சினிமாவைப் பற்றி நுணுக்கமாக எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள். மாற்றம் மெல்லத்தான் வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறவர்களும் கேட்கிறார்கள். அதனால் இதற்கு வரிசையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாப் இசையில் ஒரு விற்பனை உத்தி உண்டு. குயர்பெய்ட்டிங் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்; நான் ஜாடை வியாபாரம் என்பேன். இரண்டு பாடகிகளோ இரண்டு பாடகர்களோ காதலர்கள்தானோ என்று ரசிகர் நினைக்கும்படி பாட்டையும் படத்தையும் அமைப்பது. டீசரில் முகங்கள் நெருங்கும். முழு வீடியோவில் விலகிவிடும். தம்ப்நெயிலில் கோத்த கைகள் இருக்கும். பாட்டு பாதி போனதும் ஒரு ஆண் வந்து நிற்பான். பேட்டியில் கேட்டால், "நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்களோ அப்படி" என்று சிரிப்பார்கள். தன்னைப் போல் ஒருவர் திரையில் வரமாட்டாரா என்று தேடுகிற பால்புதுமையினரின் ஏக்கமும், வேடிக்கை பார்க்க வருகிற மற்றவர்களின் குறுகுறுப்பும் ஒரே கணக்கில் பார்வைகளாகச் சேரும். எதற்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

ஆதரிப்பவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். பண்பொழி மாதிரி ஒரு ஊர். மலையடிவாரம், வயல், திருமலைக் குமாரசாமி கோயில், மாலையானால் செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ போய்த் திரும்புகிற பஸ். அங்கே பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குத் தன் தோழி மேல் காதல் வருகிறது. வீட்டில் சொல்ல முடியாது, பள்ளியில் சொல்ல முடியாது. கையில் போன் இருக்கிறது. அதில் இரண்டு பெண்கள் நெருங்கி நிற்கிற ஒரு பாட்டு வருகிறது. விளம்பரத்துக்காக எடுத்ததாகவே இருக்கட்டும். தனக்கு நேர்ந்தது உலகத்தில் வேறு யாருக்கும் நேராதது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் அம்மாவும் அதைப் பார்க்கிறாள், கண் பழகுகிறது. கண் பழகினால் மனசு பழகும், மனசு பழகினால் சட்டம் மாறும். பாட்டு எல்லாமே விற்பதற்குத்தான். ஆண் பெண் காதலையும் நடித்துத்தானே விற்கிறார்கள், இதில் மட்டும் ஏன் உண்மை கேட்கிறீர்கள்?

இது நேர்மையான வாதம்தான். ஆனால் இதில் ஒரு கண்ணிகூடப் பாரம் தாங்காது.

1. கண்ணில் பட்டது என்ன?

காதல் பட்டதா, காதல் மாதிரி ஒரு விளையாட்டு பட்டதா? இந்த உத்தியின் பிறப்பு முதல் விளைவு வரை ஒரே குழுவின் கதையில் பார்த்துவிடலாம். 1999இல் மாஸ்கோவில் இவான் ஷபவாலவ் என்ற விளம்பரக்காரர் லேனா கதீனா, யூலியா வோல்கவா என்ற இரண்டு பதின்ம வயதுப் பெண்களைச் சேர்த்து 'டாட்டு' என்ற குழுவைத் தொடங்கினார். பள்ளிச் சீருடை, கொட்டும் மழை, கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் முறைத்துப் பார்க்கிற கூட்டம், இந்தப் பக்கம் முத்தமிடுகிற இருவர். 'ஆல் த திங்ஸ் ஷி செட்' பாட்டின் வீடியோ அது. 2003இல் அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு யூரோவிஷன் போட்டியில் ரஷ்யாவின் சார்பில் அந்தக் குழு மூன்றாமிடம் வந்தது. இருவரும் காதலர்கள் இல்லை, எல்லாம் தயாரிப்பாளர் வகுத்த திட்டம் என்பது சீக்கிரமே வெளியில் வந்தது.

இதைவிடப் பெரிதாகக் கண்ணில் பட முடியாது. உலகமே பார்த்தது, ரஷ்யா வீடு வீடாகப் பார்த்தது. கண் பழகியிருக்க வேண்டும், மனசு பழகியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 2013 ஜூனில், மரபுக்கு மாறான பாலுறவுகளைப் பற்றிச் சிறுவர்களிடையே பரப்புவது குற்றம் என்று ரஷ்யா சட்டம் போட்டது. ஏழெட்டு மாதம் கழித்து, 2014 பிப்ரவரியில், சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்கு முந்தைய நிகழ்ச்சியில் கூட்டத்தை உற்சாகப்படுத்தப் பாட அழைக்கப்பட்டவர்கள் யார்? டாட்டு. அதே ஆண்டு வோல்கவா, தன் மகன் தன்பாலீர்ப்பாளனாக இருந்தால் ஏற்க மாட்டேன் என்று தொலைக்காட்சியில் பேசினார். கதீனா அப்படிப் பேசவில்லை, ஆதரவாகவே பேசிவருகிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் எல்ஜிபிடி இயக்கம் முழுவதையுமே தீவிரவாதம் என்று தீர்ப்பளித்தது.

இரண்டு பெண்கள் காதலிக்கலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதைக் குற்றமாக்கிய நாடு, அந்தக் காதலை வைத்துப் பிழைத்த பாட்டுக் குழுவுக்கு மேடை கொடுத்தது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அந்த முத்தம் பொய் என்பதை அரசும் அறிந்திருந்தது, பார்த்தவர்களும் அறிந்திருந்தார்கள். பொய் என்று தெரிந்த முத்தத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. பத்து வருடம் நாடு முழுக்கப் பார்த்துப் பழகியது தன்பாலீர்ப்புக் காதலை அல்ல. அப்படி ஒன்று மேடைக்கு மட்டும் உரியது, வாழ்க்கையில் கிடையாது என்ற நினைப்பைத்தான்.

2003 ஆகஸ்டில் நியூயார்க்கில் எம்டிவி விருது மேடையில் மடோனா பிரிட்னி ஸ்பியர்ஸை முத்தமிட்டதை நினைத்துப் பாருங்கள். அடுத்து கிறிஸ்டினா அகிலேராவையும் முத்தமிட்டார். அதைப் பலர் சரியாகப் பார்க்கவே இல்லை. காரணம், கேமரா அதற்குள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜஸ்டின் டிம்பர்லேக்கின் முகத்துக்குத் தாவிவிட்டது. அவர் பிரிட்னியின் முன்னாள் காதலர். இரண்டு பெண்கள் முத்தமிடும்போது படம்பிடிக்க வேண்டியது ஒரு ஆணின் முகம் என்று அந்தக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த முத்தம் யாருக்காக என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

டாட்டுவின் பாட்டைக் கேட்டுத்தான் நான் யாரென்று எனக்குத் தெரிந்தது என்று சொல்கிற பெண்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சாட்சி அவர்கள். அவர்களை நான் முழுக்க நம்புகிறேன். ஆனால் அந்த அறிவு அவர்கள் தாங்களே பெற்றது. வேறு எதுவும் கிடைக்காத நாளில், பொய்யாகக் கொடுத்ததிலிருந்துகூட மெய்யை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையைக் கொண்டுபோய் ஷபவாலவின் கணக்கில் வரவு வைப்பது அநியாயம்.

2. ஆண் பெண் காதலும் நடிப்புதானே?

ஆமாம், நடிப்புதான். ஆனால் ஒரு கதாநாயகனும் கதாநாயகியும் படம் முடிந்ததும், "நாங்கள் காதலர்கள் இல்லை, சும்மா நடித்தோம்" என்று பேட்டி கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆண் பெண் காதல் உலகத்தில் இல்லை என்று யாராவது முடிவு கட்டுவார்களா? ரேஷன் கார்டு இருக்கிறது, தாலி இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது, பக்கத்து வீட்டு அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அந்தக் காதலுக்கு ஊரே சாட்சி. பாட்டு பொய்த்தாலும் அது பொய்த்துப்போகாது.

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு சாட்சியும் இல்லை. இருப்பது அந்த ஒரு பாட்டு. என்றைக்காவது தைரியம் வந்து அம்மாவிடம் போனை நீட்டி, "இப்படியும் இருக்காங்கம்மா" என்று சொல்கிறாள் என்று வையுங்கள். அம்மாவுக்குப் பதில் தயாராக இருக்கிறது: "அது சும்மா நடிப்பு. அவங்களே பேட்டியில சொல்லிட்டாங்க. நீயும் அத பாத்துக் கெட்டுப்போகாத." இந்தப் பதிலை அந்த அம்மாவிடம் கொடுத்தது பழமைவாதிகள் இல்லை, பாட்டை விற்ற நிறுவனம். பாட்டே வராமல் இருந்திருந்தால் அம்மாவிடம் இவ்வளவு கச்சிதமான பதில் இருந்திருக்காது.

2008இல் கேட்டி பெர்ரி ஒரு பெண்ணை முத்தமிட்டதைப் பற்றிப் பாடிய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒரு காதலன் இருக்கிறான். அவன் தப்பாக நினைக்கக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது. இன்றைக்கு எழுதினால் அந்தப் பாட்டை வேறு மாதிரி எழுதுவேன் என்று பத்து வருடம் கழித்து அவரே சொன்னார். அந்தப் பத்து வருடத்தில் அதைக் கேட்டு வளர்ந்த பெண்கள் எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள்? பெண்ணை முத்தமிடலாம், ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அங்கே ஒரு ஆண் காத்திருக்க வேண்டும் என்பதை.

நடிப்பவர்கள் பால்புதுமையினராக இருந்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காதலைக் காதல் என்று காட்டு, காட்டியபின் பின்வாங்காதே என்று மட்டும் கேட்கிறேன். கதாநாயகிக்கு எந்தப் படத்திலும் மறுக்கப்படாத மரியாதை அது.

3. வியாபாரம் வளர்ந்தால் வாய்ப்பும் வளராதா?

கொரியாவைப் பார்ப்போம், ஏனென்றால் நம் பிள்ளைகள் பார்ப்பது கொரியாவைத்தான். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று பள்ளிச் சிறுமிகள் பிடிஎஸ் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்கே போய்விடுவது என்று கிளம்பிவிட்டார்கள். காட்பாடியில் போலீசார் அவர்களைக் கண்டுபிடித்து மீட்டார்கள். கேபாப் என்கிற கொரியப் பாப் இசை அவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது. அந்த உலகத்தில் ரசிகர்களைக் குஷிப்படுத்துகிற ஃபேன் சர்வீஸ் என்பது வேலையின் ஒரு பகுதி. ஒரே குழுவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் பெப்பரோ என்ற நீளமான சாக்லேட் குச்சியை ஆளுக்கொரு முனையில் கடித்துக்கொண்டு, குச்சி குறையக் குறைய முகங்கள் நெருங்க நெருங்க, கடைசி அரை அங்குலத்தில் வெட்கப்பட்டு விலக வேண்டும். இளம் ரசிகைகள் கூச்சலிடுவார்கள். யார் யாரோடு ஜோடி என்று ரசிகர்கள் பெயர் சூட்டுவார்கள். அந்த ஜோடிகளைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்.

இனி அதே கொரியாவில் நிஜமான ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். 2018 ஜனவரியில் ஹாலண்ட் என்ற மேடைப் பெயரில் ஒரு இளைஞர் தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே அறிமுகமானார். கேபாப் பாடகர்களில் அப்படி அறிமுகமான முதல் ஆள் அவர். பின்னால் பெரிய கம்பெனி இல்லை. பகுதிநேர வேலைகள் பார்த்துச் சேர்த்த காசில் 'நெவர்லாண்ட்' பாட்டை எடுத்தார். அதில் இரண்டு ஆண்கள் முத்தமிடுகிறார்கள், ஜாடை இல்லை, விலகல் இல்லை. கொரியாவில் அந்த வீடியோவுக்குப் பத்தொன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தினார்கள். குச்சியைக் கடித்தவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கலாம், முத்தமிட்டவர்களைப் பார்க்கக் கூடாது. ஜாடையின் சந்தை எவ்வளவு பெரிதாக வளர்ந்தும் ஹாலண்டுக்கு அதில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. ஆதரிப்பவர்கள் சொல்கிற வாய்ப்பு எங்கே போனது? போலியானதை வைத்துக்கொண்டே இவ்வளவு விற்க முடியும் என்றால், நிஜமான ஆளுக்குச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளி முன்வருவான்?

இந்தியாவில் வேறொரு உதாரணத்தைக் காட்டுவார்கள். 2016இல் யஷ் ராஜ் நிறுவனத்தின் இளைஞர் பிரிவான ஒய் ஃபிலிம்ஸ், ப்ரூக் பாண்ட் ரெட் லேபிள் தேயிலையின் பணத்தில், 'சிக்ஸ் பேக் பேண்ட்' என்று ஆறு திருநங்கையரைக் கொண்டு ஒரு பாப் குழுவைத் தொடங்கியது. அந்த ஆண்டு கேன்ஸ் விளம்பர விழாவில் கிளாஸ் லயன் பிரிவின் உயரிய பரிசு அதற்குக் கிடைத்தது. விளம்பரமும் நன்மை செய்யும் என்பதற்கு இதைச் சொல்கிறார்கள். நன்மை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஜாடை இல்லை. ஆறு பேரும் தங்கள் சொந்த முகத்தோடு, யாரென்று சொல்லிக்கொண்டே பாடினார்கள். ஆகவே அது எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகாது. மறைக்காமல் சொன்னாலும் விற்கும், பரிசும் வரும் என்பதற்குத்தான் சாட்சி. அதே உதாரணத்தின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும்: 'சிக்ஸ் பேக் பேண்ட்' இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது அந்தப் பெயரில் மேடையேறியவர்கள் வேறு ஆறு பேர், சிறப்புத் தேவையுள்ள இளம் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டியதுதான். ஆனால் முதல் ஆறு பேரின் இடம் காலியானது. விளம்பரத்தின் அன்பு ஒரு பருவத்து அன்பு.

4. கண் பழகினால் சட்டம் மாறுமா?

மாறியதில்லை. இங்கே வாதம்கூட வேண்டாம், தேதிகள் போதும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு எதிராக நாஸ் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது 2001இல். வாடகைக்கு வீடு கிடைப்பதற்காக இரண்டு ஆண்கள் காதலர்களாக நடிக்கிற 'தோஸ்தானா' வந்தது 2008இல்; பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது, அது 2001 மனுவின் பலன். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பல்லைத் திருப்பிக் கொடுத்தது. 'தோஸ்தானா' பார்த்துப் பழகிய கண்கள் அன்றைக்கு ஒரு உதவிக்கும் வரவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று அந்தத் தீர்ப்பு மாறியதென்றால், பரதநாட்டியக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹரும் மற்றவர்களும் தங்கள் சொந்தப் பெயரில், தாங்கள் யாரென்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்து வழக்காடியதால் மாறியது.

தமிழ்நாட்டின் கதை இன்னும் தெளிவானது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, போலீஸ் தொந்தரவிலிருந்து காக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தார், பால்புதுமையினரைச் சந்தித்துப் பேசினார், அதன் பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று சிகிச்சை செய்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த உத்தரவு சொல்கிறது. ஒரு நீதிபதியின் மனசை மாற்றியது எது? எதிரில் உட்கார்ந்து, நான் இன்னார் என்று சொன்ன மனிதர்கள். அவரும் இந்த நாட்டில்தான் பாட்டுக் கேட்டு, படம் பார்த்து வளர்ந்திருப்பார்.

5. "கூத்துல ஆம்பள சேல கட்டலியா?"

தென்காசிப் பக்கம் இதைப் பேசினால் வருகிற முதல் கேள்வி இது. அறியாமையில் வருகிற கேள்வி என்று இதைத் தள்ள முடியாது. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன் கோயில் கொடை விழா என்றால் கணியான் கூத்து வைக்கிற ஊர்கள் இன்னும் உண்டு. அண்ணாவி கதை பாடுவார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார், உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடப் பறைகள் முழங்கும். சேலை கட்டிச் சலங்கை கட்டிய இரண்டு ஆண்கள் ஆடுவார்கள், ராத்திரி முழுக்க. சாமிக்கு இரத்தம் கொடுக்கிற கைவெட்டுச் சடங்கும் கணியானுடையதுதான்.

இந்தக் கூத்தை ஜாடை வியாபாரத்தோடு சேர்க்கவே முடியாது. ஆண் பெண் வேடம் கட்டியிருக்கிறார் என்பது சபைக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். ஒளித்துவைத்த ஆசைகாட்டல் எதுவும் அதில் இல்லை. விடிந்து வேடம் கலைந்ததும், ஏமாற்றிவிட்டாய் என்று அந்தக் கலைஞரைக் கேட்க யாருக்கும் காரணம் கிடையாது. அவர் தன்பாலீர்ப்பாளர் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. அந்தப் பேச்சே அங்கே எழவில்லை.

ஒப்பிட வேண்டியது கொடைக்கு ஊரார் வைக்கிற இன்னொரு மேடையோடு, ஆடல் பாடலோடு. நட்பைப் பற்றிய சினிமாப் பாட்டுக்கு இரண்டு பையன்கள் ஆட வருகிறார்கள். முதல் சரணம் வரைக்கும் தோளில் கை. இரண்டாவது சரணத்தில் ஒருவன் இன்னொருவனை இடுப்பில் பிடித்து இழுக்கிறான். முகம் நெருங்குகிறது, விசில் பறக்கிறது. அந்த இடத்தில் பாட்டு பட்டென்று நிற்கிறது; பாட்டுப் போடுகிறவரிடம் முன்பே சொல்லிவைத்த நிறுத்தம் அது. மைக் பிடித்திருப்பவர் இழுத்து, "அவனா... நீ?" என்கிறார். பந்தல் குலுங்கச் சிரிக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு மீசையைத் தடவிக் காட்ட, பாட்டு மறுபடி தொடங்குகிறது. ஆடல் பாடலுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனைகள் போடுகிறது: ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி மத உணர்வுகளைத் தூண்டக் கூடாது. இந்தச் சிரிப்பைத் தடுக்க நிபந்தனை எதுவும் இல்லை.

நெருங்கு, நிறுத்து, மறு. லாஸ் ஏஞ்சலிஸில் எடுத்த டீசரிலும் இதே மூன்று அசைவுதான். அங்கே மைக் பிடித்திருப்பவருக்குப் பதிலாகப் பேட்டி எடுப்பவர், விசிலுக்குப் பதிலாக லைக். மேடையில் ஆடிய இரண்டு பேருக்கும் அந்த மறுப்பு பாதுகாப்பு கொடுக்கிறது; மீசையைத் தடவிவிட்டு வேனில் ஏறிப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில், கொஞ்சம் மென்மையாக நடக்கிற, கையை ஆட்டிப் பேசுகிற ஒரு பையனைப் பார்த்து அதே இரண்டு சொல் வருகிறது. தடவிக் காட்ட அவனுக்கு மீசையும் இல்லை, ஏறிப்போக வேனும் இல்லை. ஜாடையில் வருகிற லாபம் ஒரு இடத்துக்குப் போகிறது, அதற்கான அடி வேறொரு இடத்தில் விழுகிறது. "சின்ன விஷயம், விட்டுவிடுங்கள்" என்கிறவர்கள் ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் அந்த மைதானத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

6. அப்படியானால் எல்லோரும் அறிவித்துவிட்டுத்தான் பாட வேண்டுமா?

வேண்டாம். எதிர்த்தரப்பு சொல்வதில் நான் முழுமனதாக ஒத்துக்கொள்கிற ஒரே இடம் இது. 2018இல் ரீட்டா ஓரா 'கேர்ள்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டபோது, ஜாடை வியாபாரம் என்று பால்புதுமைப் பாடகிகளே கண்டித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். கூடவே, ஆண்களோடும் பெண்களோடும் தனக்கு உறவு இருந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியும் வந்தது. 2022இல், இரண்டு மாணவர்களின் காதலைச் சொல்கிற 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் நடித்த கிட் கானர், பதினெட்டு வயதில், ரசிகர்களின் நச்சரிப்புத் தாங்காமல் தன்னை இருபாலீர்ப்பாளன் என்று அறிவித்தார். அறிவிக்க வைத்துவிட்டீர்களே என்ற வேதனையோடு அறிவித்தார். இது கொடுமை. ஒருவரின் படுக்கையறைக் கதவைத் தட்டி அத்தாட்சி கேட்பது, வீட்டில் பிள்ளையை அடித்து உண்மையைப் பிடுங்குவதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை.

ஆனால் இதிலிருந்து கம்பெனியையும் கேள்வி கேட்கக் கூடாது என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? பாடகர் ஒரு மனிதர், அவருக்கு அந்தரங்கம் உண்டு. டீசர் மனிதர் இல்லை. தம்ப்நெயிலுக்கு அந்தரங்கம் கிடையாது. எந்த விநாடியில் வெட்டுவது, எந்தப் படத்தை முகப்பில் வைப்பது, பேட்டியில் எந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவது என்பதெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். அவற்றைக் கேட்கலாம், கேட்க வேண்டும். பாடகரைக் குதறிவிட்டுக் கம்பெனியை விட்டுவிடுகிற வழக்கம்தான் இந்த உத்தியை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆண்கள் விரல் கோத்துக்கொண்டு நடப்பதோ, 'தளபதி'யில் சூர்யாவும் தேவாவும் கட்டிக்கொள்வதோ ஜாடை வியாபாரம் ஆகாது. ஆண்கள் தொட்டுக்கொண்டு பழகுவது நம் ஊரில் இன்னும் மிச்சமிருக்கிற நல்ல விஷயம். அதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைக்கிற எந்த வாதத்துக்கும் நான் துணை போக மாட்டேன். அந்தத் தொடுதலை 'அவனா நீ' என்று கூச்சப்பட வைத்ததே இந்த ஜாடைச் சிரிப்புதான்.

7. மார்க்கெட் தாங்காதா?

எல்லா வாதமும் தீர்ந்தபின் கடைசியாக வருவது இது. தமிழ்நாட்டில் ஜாடையாகத்தான் சொல்ல முடியும், நேராகச் சொன்னால் எடுத்தவன் தெருவுக்கு வந்துவிடுவான் என்பார்கள். 2021 நவம்பரில் சரிகம 'மகிழினி' என்ற தனிப் பாடலை வெளியிட்டது. கோவிந்த் வசந்தா இசை, மதன் கார்க்கி வரிகள், கீர்த்தனா வைத்தியநாதன் குரல். கௌரி கிஷனும் அனகாவும் அதில் காதலர்கள். 'மாதிரி'யும் கிடையாது, 'போல'வும் கிடையாது. நடனமாடும் இரண்டு பெண்கள், அவர்களுக்கிடையே வளர்கிற காதல், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற தவிப்பு, அத்தனையும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி நிமிடத்தில் யாரும் வந்து, எல்லாம் விளையாட்டு என்று சொல்லவில்லை. வெளியிட்ட நிறுவனம் இன்றும் வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கிறது. பணியாற்றியவர்கள் பிழைப்பிழந்து போகவில்லை. 2025 பிப்ரவரியில் 'காதல் என்பது பொதுவுடைமை' தியேட்டருக்கே வந்தது; மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்து வருகிற கதை அது. மார்க்கெட் தாங்கியது. தாங்காது என்று சொன்னவர்கள் மார்க்கெட்டைச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

அடுத்த டீசர் வரும்போது, கோத்த கைகளைப் பார்த்துப் பகிரத் தோன்றும்போது, நிறுவனத்தின் பக்கத்திலேயே கேட்டுவிடலாம்: முழுப் பாட்டில் இந்தக் காதல் கடைசிவரை இருக்குமா? பேட்டியில் கேட்டால் காதல் என்று சொல்வீர்களா? எழுதியவர், இயக்கியவர் வரிசையில், தன்னை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒருவருக்காவது வேலை கொடுத்தீர்களா? பாடகரின் சொந்த வாழ்க்கையைத் தொடாமல் கேட்கக்கூடிய கேள்விகள்தான் இவை. 'மகிழினி'யைப் பார்த்தவர்களுக்கு முதல் கேள்வியைக் கேட்கும் தேவையே வரவில்லை.